வாசத்தில் வருகிறவர்

அமராவதியின் கணவர் தனபால் செத்துப்போன பிறகும் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நான் இதை நம்பினேன் என்று சொல்லவில்லை. காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். உயிரோடிருக்கும் ஆம்பளைகளே ஒழுங்காக வீடு வந்து சேராத ஊர் இது. ஆனால் அவர் வரும் நேரத்துக்கு அமராவதி ஒரு டம்ளர் டீயை ஆற்றிப் பின்பக்கத்து ஜன்னல் கட்டையில் வைப்பதைப் பக்கத்து வீட்டிலிருந்து வருடக்கணக்கில் பார்த்தவள் நான்.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும். எல்லாருக்குமாக ஒரு உப்புத்தண்ணீர்க் குழாய். பின்பக்கம் ஒரு சந்து, சந்தை ஒட்டி ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி என்ற பெரியவரின் ஓட்டு வீடும் தோட்டமும் இருந்தன. அந்தத் தோட்டத்துக் கிணற்றடியில்தான் மனோரஞ்சிதக் கொடி நின்றது.

மல்லிகை மாதிரி மெல்லிசான கொடி இல்லை அது. கை தடிமனுக்கு ஏறி, பூக்காம்பையே கொக்கியாக வளைத்து, பக்கத்தில் எது இருந்தாலும் பிடித்துக்கொண்டு மேலே போகும். பூ பச்சையாக இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். அப்போது வாசமே கிடையாது. மஞ்சளாகப் பழுத்த பிறகு, வெயில் தாழ்ந்ததும், சந்து முழுக்க மணக்கும். எந்த வாசத்தை நினைத்துக்கொண்டு மோந்தாலும் அந்த வாசம் வரும் என்று சொல்வார்கள். எனக்கு எப்போதும் பழுத்த வாழைப்பழ வாசம்தான் வந்தது. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்துவிட்டு வருகிறவளுக்குப் பசிக்கத்தானே செய்யும்.

அமராவதிக்கு அதில் தனபால் வந்தார்.

தனபால் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அன்றைக்கு எந்தக் கலர் ஓடியதோ அது அவர் நகக்கண்ணில் தெரியும். நேவி ப்ளூ ஓடிய நாளில் அந்தக் கையோடு சோறு பிசைவதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். உள்ளே நின்ற வாயு அவரைத் திரும்ப ஏறவிடவில்லை. மகள் வினிதா அப்போது தவழும் குழந்தை. அன்று காலையில் அவர் கழற்றி மாட்டிவிட்டுப் போன பனியன் துவைக்காமல் ஆணியிலேயே தொங்கியது. எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனதும், அமராவதி அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். எப்போதாவது தாங்க முடியாத நாளில் பிரிப்பாள். முகத்தை ஒருதரம் அமுக்கிவிட்டு உடனே கட்டிவிடுவாள்.

தேங்காயெண்ணெய், பீடி, சோப்பு, சாயப்பட்டறை ஆவி எல்லாம் கலந்த ஒரு வாசமாம் அது. அவர் போன சில மாதம் கழித்து, மனோரஞ்சிதம் பூத்த ஒரு சாயங்காலம், அதே வாசம் சுவர் தாண்டி ஜன்னல் வழியாக வந்தது என்றாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்த்திருக்கிறாள். வாசலில் யாரும் இல்லை. வாசம் மட்டும் வீட்டுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கு வைக்க ஆரம்பித்ததுதான் அந்த டீ.

வினிதாவுக்கு அப்பா முகம் தெரியாது. ஃபோட்டோவில் மாலையும் கழுத்துமாக இருந்தவர் அவளுக்கு யாரோ. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வாசம் வந்ததும் அம்மா சொல்கிற ஒரே வார்த்தை. “அப்பா வந்துட்டாரு கண்ணு. செருப்ப வெளிய உட்டுட்டு, சத்தம் போடாம உக்காந்து படி.” அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து எழுதுவாள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டுவாள். அதைப் பார்த்த முதல் தடவை நான் பாதியில் எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

“பெரிம்மா, உங்க ஊட்டுக்காரரு என்ன வாசத்துல வருவாரு?”

“பிராந்தி வாசத்துல வருவாரு, போ” என்றேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு ஆடி மாதத்தில் அர்த்தநாரி இடத்தை விற்றுவிட்டார். காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர் குடோன் கட்ட வாங்கியிருந்தார். சேதி கேட்டதும் அமராவதி என்னையும் இழுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனாள்.

“ஏனுங்கய்யா, அந்தக் கொடிய மட்டும் உட்டுவெக்கச் சொல்ல முடியாதுங்களா?”

“கொடியா? லாரி திரும்பற எடத்துல கொடிய வெச்சுட்டு என்ன பண்ணுவாங்க சாமி? தை பொறந்தா எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுருவாங்க” என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அது வரைக்கும் தோட்டம் என்ற கையிலதான் இருக்குது. வெதையோ குச்சியோ, எது வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா இது லேசுல வர்ற சாதி இல்ல, பாத்துக்க” என்றார். நல்ல மனுஷன்தான்.

வெளியே வந்ததும் அமராவதி சந்திலேயே நின்றுவிட்டாள்.

“கொடி போனா அவரும் போயிருவாருங்க்கா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனவர் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று வாய் வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

முதலில் விதை. கொத்தாக மஞ்சளாகப் பழுத்துக் கிடந்த காய்களைப் பொறுக்கி வந்து, சதையைக் கழுவி, காய்க்கு இரண்டாக இருந்த விதைகளைப் பால் கவர்களில் மண் நிரப்பி ஊன்றினாள். மண்ணும் சும்மா மண் இல்லை. மடத்துக்குளத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய், ஆற்றங்கரை வண்டலை அரிசிப் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் அரிசி என்று நினைத்து ஓரமாக வைக்கச் சொன்னாராம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கவர்களைத்தான் போய்ப் பார்ப்பாள். ஆடி போய் ஆவணியும் வந்தது. ஒரு கவரில்கூட ஒன்றும் தலை தூக்கவில்லை.

நடுவில் குச்சி வேறு. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நட்டாள். ஒருத்தர் கற்றாழைச் சாற்றில் முக்கச் சொன்னார், ஒருத்தர் தேனில், இன்னொருத்தர் பட்டைத்தூளில். எல்லாரும் சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். “குழம்பு வெக்கறயா, குச்சி வெக்கறயா?” என்று நான் கேலி செய்தேன். குச்சிகள் ஒரு வாரம் பச்சையாக நின்று ஆசை காட்டும், இரண்டாவது வாரம் அடியிலிருந்து கறுக்கும். தப்பு வைத்தியத்தில் இல்லை, தண்ணீரில். எங்கள் குழாய்த் தண்ணீரில் பருப்பே வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறாள். அதன் பிறகு, வாரத்துக்கு ஒருநாள் வரும் நல்ல தண்ணீரில் குச்சிகளுக்குத் தனியாக ஒரு குடம் பிடித்து வைத்தாள். தான் குடிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். அப்படியும் பிழைக்கவில்லை.

பதியம் போட்டால்தான் வரும் என்று கடைசியில் அவிநாசி ரோட்டு நர்சரிக்காரர் சொன்னார். தாய்க்கொடியிலேயே ஒரு கிளையைச் சுற்றிப் பட்டையை மோதிர அகலத்துக்கு உரித்து, அந்த இடத்தில் ஈரமண்ணை உருண்டையாக வைத்துக் கட்டிவிட வேண்டும். ஈரம் காயாமல் இருந்தால் உருண்டைக்குள் வேர் விடும். பிறகு வேருக்குக் கீழே வெட்டி எடுத்து நட்டுக்கொள்ளலாம்.

கட்டுவதற்குக் கோணி போதும், தேங்காய் நார் போதும். திருப்பூர்க்காரிக்கு அது தோன்றுமா? இங்கே வண்டி துடைப்பது, தலையணை திணிப்பது, கொதிக்கிற சட்டியை இறக்குவது, எல்லாம் பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழித்த வேஸ்ட் துணியில்தான். அமராவதி ஒரு பனியன் கம்பெனியில், தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். கட்டிங் டேபிளுக்கு அடியிலிருந்து நல்ல மெரூன் துண்டுகளாகப் பொறுக்கி வந்தாள். மண் உருண்டைகளை அதில் சுற்றி, மண் கொட்டிவிடாமல் மேலும் கீழும் இறுக்கிக் கட்டினாள். காலையும் மாலையும் பெரியவர் தோட்டத்தில் ஏணி வைத்து ஏறி, துணிமேல் தண்ணீர் ஊற்றினாள். ஐப்பசியில் பிரித்தபோது உள்ளே மண் கல்லாகக் காய்ந்திருந்தது. கிளைகள் செத்திருந்தன.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து அந்த மெரூன் துண்டை மடியில் விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டாள். சொட்டு உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது. துண்டைச் சாய்த்ததும் உருண்டு ஓடியது.

“இவரு இப்படித்தானுங்க்கா பாப்பாரு. சாயம் முடிஞ்ச துணியில ஒரு சொட்டு உட்டு, துணி தண்ணி குடிக்குதான்னு பாக்கோணும்பாரு. இது குடிக்கவே இல்ல.” துணி மெத்தென்று இருக்கப் போடுகிற சாஃப்ட்னர், தண்ணீரை உள்ளே விடவில்லை. மாதக்கணக்காக ஊற்றியதெல்லாம் மேலோடு வழிந்திருக்கிறது.

“அதுக்கென்ன, என்ற ஊட்டுல தொவைச்சுத் தொவைச்சு நைஞ்ச துண்டு இருக்குது. நல்லாக் குடிக்கும், எடுத்துக்க” என்றேன்.

அவள் உள்ளே போய், பெட்டியைத் திறந்து, அந்தக் கவரைக் கொண்டுவந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா புள்ள? அதாட்டம் வேறொண்ணு கெடைக்குமா?”

“கவருக்குள்ள இருந்தா வாசம் தீந்துபோகுதுங்க்கா. போன தடவ பிரிச்சப்ப பாதிதான் இருந்துச்சு. இன்னும் நாலு தடவ பிரிச்சா ஒண்ணுமே இருக்காது. கொடியில ஏத்திட்டா தெனமும் வருவாரு.”

“கோணி கட்டுனாலும் அதே கொடிதானே வரும்?”

“வரும். ஆனா அவரு வரோணுமே.”

அவளோடு தோட்டத்துக்குப் போனேன். அடைமழை பிடித்து ஓய்ந்திருந்த நேரம். ஒரு நல்ல கிளையாகப் பார்த்துப் பட்டையை உரித்தாள். வண்டலை உருட்டி வைத்தாள். பனியனை நீளத் துண்டுகளாகக் கிழித்து, குடத்தில் முக்கி எடுத்தாள்.

தண்ணீர் பட்டதும் அதிலிருந்து வாசம் எழுந்தது. அமராவதி சொன்ன அத்தனையும் இருந்தன, பீடி, எண்ணெய், அந்த ஆவி. தனபால் என் பக்கத்தில் வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று முதலிலேயே சொன்னேன், இருந்தும் திரும்பிப் பார்த்தேன். அமராவதி கண்ணை மூடிக்கொண்டு ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் கன்னமெல்லாம் தண்ணீர். வாசம் மெல்ல மெல்ல மண் வாசமானது. பிறகு அவள் கட்ட ஆரம்பித்தாள்.

கார்த்திகை முழுக்க மழை. தோட்டத்தில் சாமான்களைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அமராவதி வேலை விட்டதும் நேராகக் கொடிக்குப் போய், உருண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். மார்கழிக் கடைசியில் ஒருநாள் கத்தினாள் பாருங்கள், பட்டறையில் தகடு தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் ஓடினேன். பனியன் துணியின் கண்களுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் வெளியே வந்திருந்தது. துணியைப் பிரிக்க வழியில்லை, வேரெல்லாம் அதற்குள் பின்னிக்கொண்டிருந்தது. அப்படியே வெட்டி எடுத்து, துணியோடு ஒரு நீல டிரம்மில் நட்டு, ஜன்னலுக்குக் கீழே சந்தில் வைத்தாள். லைன் வீட்டுப் பெண்கள் பாம்பு வரும் என்று சண்டைக்கு வந்தார்கள். “வர்ற பாம்ப எங்கூட்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

தை பிறந்ததும் இடித்துத் தள்ளும் மிஷின் வந்தது. ஒரு காலைப்பொழுதில் கிணறு, மா, முருங்கை, மனோரஞ்சிதம் எல்லாம் தரையோடு போயின. வினிதா பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவரோரம் நின்று பார்த்தாள்.

“அப்பாவ வெட்டிட்டாங்களாம்மா?” என்று கேட்டாள்.

அமராவதி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “இல்ல கண்ணு, அப்பா இந்த டிரம்முல இருக்காரு” என்றாள். குழந்தையிடம் சொல்கிற பேச்சா அது? அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்கள் மோசமானவை. அமராவதி வழக்கம்போல டீ வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை ஏறியது. கலவை மிஷின் சத்தமும் சிமெண்ட் தூசியும் ஜன்னல் வழியாக வந்தன. டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். கொஞ்ச நாளில் டீ வைப்பது நின்றது. வினிதா வாசலில் செருப்பை விடுவதும் நின்றது. ராத்திரி அம்மாவும் மகளும் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதை நான் பார்ப்பேன். இருக்கிற இடத்தில் ஒருத்தர் குறைந்தால் இப்படித்தான் இருக்கும். அவர் செத்தபோது இல்லாத இழவு அந்த வீட்டில் அப்போதுதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றியது.

இதற்கிடையில் ஒரு கூத்து. பங்குனியில், குப்பை என்று ஓரம் தள்ளிப்போட்ட பால் கவர்களில் ஒன்றில் முளை வந்திருந்தது. அந்த விதை ஊர் சுற்றிவிட்டு சாவகாசமாக வந்து சேர்ந்திருக்கிறது. “நீங்களே வெச்சுக்குங்க்கா. இது பூக்கறதுக்குள்ள நாம கெழவியாயிருவோம்” என்று அமராவதி என் தலையில் கட்டிவிட்டாள். இன்னும் என் வீட்டு முன்னால்தான் நிற்கிறது. ஒரு பூ கிடையாது.

டிரம் கொடி பிழைத்துக்கொண்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்து, கூரைத் தகரத்தில் ஏறி, சிமெண்ட் தூசியெல்லாம் தின்று வளர்ந்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று. வினிதா மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஆனியில் ஒரு பச்சைப் பூவை அமராவதி இலைக்குள் கண்டுபிடித்தாள். அது பழுக்கும்வரை அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வாசம் வரும் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்த வாரம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பூ மஞ்சளான அன்று வெயில் தாழ்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது சந்து முழுக்க மணந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன புள்ள?”

“பூ வாசம்தானுங்க்கா அடிக்குது.”

“நெனச்சுக்கிட்டு மோந்து பாரு.”

“பாத்துட்டேனுங்க்கா. எண்ணெய்ன்னு நெனச்சா எண்ணெய் வருது. பீடின்னு நெனச்சா பீடி வருது. எல்லாஞ் சேந்து அவரா வரமாட்டேங்குது. அது எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுங்க்கா. மறந்துட்டா எதைன்னு நெனைக்கறது?” என்று என் கையைப் பிடித்தாள். “நீங்க மோந்தீங்களே, அன்னிக்குத் தண்ணியில முக்குனப்ப. எப்படி இருந்துச்சு, சொல்லுங்க.”

“பீடியும் எண்ணெயும்...” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தது நினைவில் இருந்தது, வாசம் இல்லை. மோந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளப் பெட்டியில் பனியனும் இல்லை. அது டிரம்முக்குள் மக்கி மண்ணாகியிருந்தது. அமராவதி அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் வினிதா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அமராவதி அவளிடம் பூவைப் பற்றி மூச்சு விட்டிருக்கவில்லை. ஏமாந்துபோகக் கூடாது என்று. தடதடவென்று வந்தவள் வாசலில் சட்டென்று நின்றாள். ஷூவைக் கழற்றி வெளியே ஓரமாக வைத்தாள். உள்ளே வந்து பையைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.

“எப்பம்மா வந்தாரு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“யாரு கண்ணு?”

“அப்பா.”

வினிதா ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். பிறகு ஜன்னல் கட்டையைப் பார்த்துவிட்டு, “டீ வெக்கலியா?” என்றாள்.

அமராவதி தரையோடு நகர்ந்து மகள் பக்கத்தில் போனாள்.

“அப்பா வாசம் எப்படி இருக்குது கண்ணு? அம்மாவுக்கு ஒருக்கா சொல்லு.”

வினிதா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

“இதாம்மா. இப்ப அடிக்குதுல்ல, இதுதான் அப்பா” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

எனக்கு அன்றைக்கும் வாழைப்பழ வாசம்தான் வந்தது. அமராவதி எழுந்து போய், டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.